பத்துப் பைசாப் பக்கம் என்னும் புளுகு

சம்பந்தி வீட்டில் கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து, வெற்றிலையும் மென்றபிறகு, வீட்டுக்கார மாப்பிள்ளை எங்களை மாடிக்கு அழைத்துப் போய்ப் பிள்ளைகளின் படிப்பறையைக் காட்டினார். மேசைமேல் ஒரு புதுப் பிரிண்டர். நாலு நிறத் தொட்டிகளும் கண்ணாடி வழியே தெரிந்தன. நல்ல ஜாதிக் கன்றைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "பக்கம் பத்துப் பைசாதானுங்க மாமா" என்றார்.

இந்த ஒரு வரியை நான் பத்து வருஷமாகக் கேட்டுவருகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையின் பேனரில் இதே வரி. யூடியூபில் பெட்டியைப் பிரித்துக் காட்டும் பையன்கள் வாயிலும் இதே வரி. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பிரிண்டர் வாங்கிவிட்டால் போதும், இன்னொருவருக்கு இதையே உபதேசம் செய்யக் கிளம்பிவிடுவார். அவர்கள் வீட்டுப் பாயசம் வயிற்றில் இருந்ததால் அன்று மாப்பிள்ளையிடம் "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்துப் பைசாவையே எடுத்துக்கொள்வோம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. இன்றைக்கு நாட்டில் பத்துப் பைசா புழங்கும் ஒரே இடம் பிரிண்டர் விளம்பரம்தான்.

அவர்கள் கட்சி என்ன? முன்பு மூவாயிரம் ரூபாய்க்குப் பிரிண்டரை விற்றுவிட்டு, எண்ணூறு ரூபாய்க் கார்ட்ரிட்ஜில் நம்மைக் கறந்தார்கள். ஐந்நூறு பக்கம்கூட அடிக்காமல் அது தீர்ந்துபோனது. அந்தக் கொள்ளைக்கு முடிவு கட்ட வந்ததுதான் டேங்க் பிரிண்டர் என்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் கொள்ளை உண்மைதான், மறுக்கவில்லை. வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஓடாதபடி பூட்டு வைத்ததை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதமே போட்டது. ஆனால் பழைய திருடனைப் பிடித்துக் கொடுத்தவன் என்பதற்காகப் புதியவனிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட முடியுமா?

டேங்க் ஒன்றும் கம்பெனிகளின் ஞானோதயமும் அல்ல. மெக்கானிக்குகள் கார்ட்ரிட்ஜில் துளை போட்டு, குழாய் சொருகி, வெளியே மை பாட்டிலை வைத்து ஓட்டினார்கள். இந்தோனேசியாவில் அதற்கு 'இன்ஃபுஸ்' பிரிண்டர் என்றே பெயர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சொட்டு மருந்துதான் இன்ஃபுஸ். நம் ஊரில் குளுக்கோஸ் ஏற்றுவது என்போமே, அது. தடுத்துப் பார்த்து அலுத்தோ என்னவோ, எப்சன் 2010-இல் அதே இந்தோனேசியாவில்தான் தன் முதல் டேங்க் பிரிண்டரை இறக்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். தெருவோர மெக்கானிக்கின் யோசனைக்கு மூடி போட்டு, பெட்டி போட்டு, பதின்மூவாயிரம் ரூபாய் விலையும் போட்டார்கள். சரி, போகட்டும்.

பத்துப் பைசாவுக்கு மை மட்டும்தான் என்பதைப் பேனர் சொல்வதில்லை. மையைக் காற்றிலா அடிப்பது? 500 தாள் கொண்ட ஏ4 கட்டு முந்நூறு ரூபாய் என்று வைத்தால் தாளுக்கே 60 பைசா. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் டிஎன்பிஎல் ஆலை எங்கள் கரூர் மாவட்டத்துப் புகளூரில்தான் இருக்கிறது. ஆலை வாசலிலேயே குடியிருந்தாலும் ஒரு தாள்கூட இனாமாக வராது.

அடுத்து மிஷின் விலை. "அது ஒருதடவைச் செலவுதானுங்களே" என்பார்கள். கல்யாணச் செலவும் ஒருதடவைதான். அதற்காக அதை யாரும் கணக்கில் சேர்க்காமல் விடுவதில்லை. நானும் இந்தப் பேச்சில் மயங்கி ஒரு டேங்க் பிரிண்டர் வாங்கியவன்தான். கம்பெனிப் பெயர் வேண்டாம். விலை 13,500 ரூபாய். வாங்கிய அன்றே அதன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து, அடிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிவைக்கச் சொன்னேன். இந்த அற்பத்தனத்துக்காக வீட்டில் நான் பட்ட பேச்சு தனி. ஒரு வருஷத்தில் 236 பக்கம். பட்டா, வில்லங்கச் சான்று, சின்னவனுக்கு மாதிரி வினாத்தாள், அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லாருடைய ஆதாரும் மறுபடி மறுபடி, குலதெய்வக் கோவில் கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் பதினெட்டுப் பக்கம். வீட்டில் பிரிண்டர் இருக்கிறது என்று தெரிந்து பங்காளிகள் அனுப்பிவைத்ததையும் சேர்த்துத்தான் இந்த 236.

மிஷின் ஐந்து வருஷம் உழைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,180 பக்கம். 13,500-ஐ அதால் வகுத்தால் பக்கத்துக்கு 11 ரூபாய் 44 பைசா. மையும் காகிதமும் இதில் இன்னும் சேரவில்லை. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஐந்து ரூபாய்க்கு அடித்து வைத்திருப்பார்கள், காகிதத்தோடு. ஐந்து வருஷத்துக்கு 5,900 ரூபாய். நான் மிஷினுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கடைக்காரர் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து ஊர்க்கதையும் சொல்வார்.

லேசர் பிரிண்டருக்கும் இதே வகுத்தல்தானே என்று கேட்கிறவர் கொஞ்சம் பொறுக்கவும். வருகிறேன்.

பாட்டிலில் 4,500 பக்கம், 6,000 பக்கம் என்று கம்பெனிக்குக் கம்பெனி அச்சடித்திருக்கிறார்கள். நட்சத்திரக் குறி போட்டு, கீழே எறும்பு எழுத்தில் சொல்வதையும் படித்துப் பார்க்க வேண்டும். பெட்டியோடு வரும் முதல் பாட்டிலில் அத்தனை பக்கம் வராது. குழாய்களை நிரப்பவே ஒரு பங்கு போய்விடும். இந்த எண்ணிக்கைகளுக்கு அடிப்படையாக ஐஎஸ்ஓ சோதனை ஒன்று இருக்கிறது, எண் 24711. சுமார் 23 டிகிரி குளிர்ச்சியுள்ள அறையில், குறித்துவைத்த மாதிரிப் பக்கங்களை, தொடர்ச்சியாக அடித்துக்கொண்டே போவார்கள். க.பரமத்தி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோடை வந்தால் தமிழ்நாட்டில் அதிக வெயில் அடித்த ஊர்ப் பட்டியலில் அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 23 டிகிரி எங்களுக்கு மார்கழி விடியற்காலையில் கிடைக்கும். அதைவிட முக்கியம், 'தொடர்ச்சியாக' என்ற சொல். உலகத்தில் எந்த வீடு தொடர்ச்சியாக அச்சடிக்கிறது? வீடு என்பது திங்கள்கிழமை இரண்டு பக்கம் அடித்துவிட்டு, அடுத்த மாதம் பௌர்ணமிக்கு ஒன்று அடிப்பது.

சொல்ல வந்ததே இதைத்தான். இந்த மிஷினுக்கு எதிரி செலவு அல்ல, சும்மா இருப்பது.

மை என்பது பெரும்பகுதி தண்ணீர். தலைமயிரைவிட நுண்ணிய நூற்றுக்கணக்கான துளைகள் வழியே அது தெறிக்க வேண்டும். 1977-இல் ஜப்பானில் கேனான் ஆய்வகத்தில், சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை இருந்த ஊசியைத் தவறுதலாகத் தொட, முனையிலிருந்து மை பீய்ச்சியது என்றும், அதிலிருந்துதான் அவர்களுடைய பபிள் ஜெட் பிறந்தது என்றும் சொல்வார்கள். விபத்தில் பிறந்த வித்தை. என் வீட்டில் விபத்திலேயே முடிந்தது.

பெரியவள் குரூப் 4 எழுதின வருஷம். மறுநாள் காலை தேர்வு, இரவு ஒன்பது மணிக்கு ஹால் டிக்கெட்டை அச்சடிக்க உட்கார்ந்தாள். முன்னமே அடித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறது என்ற தைரியம்தான். பிரிண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் மூன்று நாளைக்கு முன்பே ஜெராக்ஸ் கடையில் எடுத்து வைத்துவிட்டார்கள். வந்த பக்கத்தில் எழுத்தெல்லாம் கோடு கோடாக வெட்டுப்பட்டிருந்தது. சிவப்பு மை வராததால் அவள் முகம் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது. கம்ப்யூட்டரில் 'ஹெட் கிளீனிங்' கொடுத்தோம். உள்ளே எதையோ உறிஞ்சும் சத்தம், ஒரு நிமிஷம். சோதனைப் பக்கம் அடித்தால் படிக்கட்டு மாதிரிக் கோடுகள், நடுநடுவே படியைக் காணோம். இரண்டாம் முறை கொஞ்சம் தேறியது. மூன்றாம் முறை முன்னைவிட மோசம். நாலாம் முறை அது எதையும் அச்சடிக்கவில்லை. சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்ன ஆரம்பித்தன. மணி பத்தேகால். கடை அடைத்தாயிற்று.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் உண்டு, போர்வை போர்த்தி வைத்திருந்தார். "பொங்கலுக்கு அப்புறம் போடவே இல்லைங்களே, வருமோ வராதோ" என்றபடி போர்வையை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, சுவிட்சைப் போட்டார். கர்ரென்று ஒரு முனகல். அப்புறம் சுடச்சுட ஒரு பக்கம், முகம் முகமாகவே, கறுப்பும் வெள்ளையுமாக. ஆறு மாதம் தூங்கி எழுந்த மிஷின் அது.

மறுவாரம் மெக்கானிக் வந்தார். முதல் கேள்வியே, "வீட்ல யாருங்க சுவிட்சை அணைக்கறது?"

அம்மா. ராத்திரி எட்டரைக்கு எல்லா சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அறுபது வருஷப் பழக்கம்.

"அதானுங்க. மிஷின் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணுனா ஹெட்டு ஓரமாப் போயி ரப்பர் மூடிக்குள்ள உக்காந்துக்கும். செவத்துல பட்டுனு அணைச்சீங்கன்னா நின்ன எடத்துலயே நிக்கும், காஞ்சு போயிரும். மறுபடி போட்டா அது தன்னைத்தானே கழுவறதுக்கு மையை இழுக்கும். அந்த மையெல்லாம் அடியில பேடுல போயி ஊறும். இப்ப பேடு ஃபுல்லுங்க. ரீசெட் பண்ணணும். ஹெட்டு தேறுமான்னு பாத்துத்தான் சொல்லோணும்."

அச்சடிக்காமல், காகிதத்தையே தொடாமல், மை தொட்டியிலிருந்து அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. பேனர்க்காரர்கள் இதற்குப் பக்கத்துக்கு எத்தனை பைசா போடுகிறார்கள்? கழுவும்போது கறுப்பு மட்டுமா போகிறது? கலர்ப் பக்கமே அடிக்காத வீட்டிலும் மஞ்சள் குறையும். இப்போது வரும் சில மாடல்களில் அந்தப் பஞ்சை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாமாம். கழுவின தண்ணீருக்குத் தனி வாளி வைத்ததற்கு ஒரு விளம்பரம்.

போகும்போது மெக்கானிக் நல்ல மனசோடு வைத்தியம் ஒன்றும் சொன்னார். "வாரம் ஒரு கலர்ப் பக்கம் அடிச்சிருங்க சார், காயாது." இதே வைத்தியத்தை யூடியூப் பையன்களும் சொல்கிறார்கள். அதாவது எனக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, மிஷினுக்காக நான் அச்சடிக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், அது பால் தருகிறது. செடிக்கு ஊற்றலாம், பூக்கிறது. பிரிண்டருக்கும் வாரா வாரம் சடங்கு செய்ய வேண்டுமென்றால், நான் வாங்கியது கருவியா, குலதெய்வமா? செய்தும் பார்த்தோம். சின்னவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கிளிப் படம் அடித்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லா நிறமும் கிளியில் இருக்கிறதல்லவா. பதினோரு கிளிகள் சுவரில் ஏறின. அப்புறம் பள்ளி விடுமுறை வந்தது, பாட்டி ஊருக்குப் போய்விட்டான், கிளியை மறந்தோம். ஜூன் மாதம் திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது கிளி நீலமாக வந்தது.

இனி "லேசர் டோனர் விலை அதிகம்" என்ற வாதம். அசல் டோனர் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், உண்மை. ஆனால் டோனர் என்பது தூள். பிளாஸ்டிக்கும் கரியும் சேர்ந்த உலர்ந்த தூள். ஏற்கெனவே காய்ந்தது இன்னும் எப்படிக் காயும்? 1938 அக்டோபர் 22-இல் நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்ற காப்புரிமை அலுவலர் கந்தகம் பூசிய தகட்டில் தூளைத் தூவி முதல் நகலை எடுத்தார். அந்த முறைக்குப் பிற்பாடு வைத்த பெயரின் கிரேக்க மூலத்துக்கு 'உலர் எழுத்து' என்று பொருள். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் 'ஜெராக்ஸ்' அதிலிருந்து வந்ததுதான். லேசர் பிரிண்டரும் அந்தக் குடும்பம். எதை நம்பி வாங்க வேண்டும் என்ற பதில் நம் தெருமுனைக் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. நாம்தான் அர்த்தம் கேட்கவில்லை.

தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஹெச்பி லேசர்களின் 12ஏ டோனருக்கு 2,000 பக்கம் என்பது கணக்கு. எங்கள் ஊரில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குத் தூள் நிரப்பித் தருகிறார்கள். பதினெட்டுப் பைசாகூட ஆகவில்லை. என் நோட்டுக் கணக்குப்படி ஒருதடவை நிரப்பினால் எட்டு வருஷத்துக்கு மேல் வரும். எட்டுப் பைசா மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டை இழந்தவன் சொல்கிறேன்.

வகுத்தல் கணக்கு கேட்டவர் இப்போது வரலாம். ஹால் டிக்கெட் சம்பவத்துக்குப் பிறகு, கடையை மூடிய ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பழைய லேசர் ஒன்றை 4,000 ரூபாய்க்கு எடுத்தேன். ஏழு வருஷம் ஆகிறது. 1,652 பக்கம் என்று வைத்தால் பக்கத்துக்கு 2 ரூபாய் 42 பைசா. புதுசையும் பழசையும் ஒப்பிடுவது நியாயமா என்பீர்கள். ஏழு வருஷம் வீட்டில் கிடந்த டேங்க் பிரிண்டரை 4,000 ரூபாய்க்கு யாராவது வாங்கினால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

புது லேசர்களில் டோனரில் சிப் வைத்து நிரப்ப விடாமல் செய்கிறார்கள் என்பது சரிதான். வாங்குமுன் கடைக்காரரைவிட நிரப்பித் தருகிறவரைக் கேளுங்கள்.

கலர் வேண்டாமா, பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் இருக்குமே என்பது அடுத்தது. தேசத் தலைவர்கள், விலங்குகள், மனித உடல் உறுப்புகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் அச்சுத் தாளாகத் தொங்குகின்றன. சோற்றுப் பசையும் அங்கேயே.

லேசர் இழுக்கிற மின்சாரத்தில் இன்வெர்ட்டர் கத்தும். கத்தட்டும், கரண்ட் வந்தபிறகு அடித்துக்கொள்ளலாம். வைஃபை வேண்டுமே என்றால், அது இப்போது லேசரிலும் வருகிறது.

தினம் நூறு பக்கம் அடிக்கிற டியூஷன் சென்டர் டேங்க் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்கள் வீட்டில் கிளி தேவைப்படாது.

என் பழைய டேங்க் பிரிண்டரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹெட் மாற்ற மிஷின் விலையில் பாதி ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். எண்ணூறு ரூபாய் கொடுத்தார். வண்டியில் சாய்ந்தால் கொட்டிவிடும் என்று திண்ணையில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்த மையைச் சிரிஞ்சில் உறிஞ்சி ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் விட்டார். கறுப்பில் முக்கால் தொட்டிக்கு மேல் இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை இருக்குதே, இன்னும் எத்தனை பக்கம் வரும்டா?"

"மூவாயிரத்துக்குக் குறையாதும்மா."

"அப்புறம் ஏன் கொடுக்கறே?" என்றபடி எழுந்துபோய், வெயில் இருக்கும்போதே எரிந்துகொண்டிருந்த திண்ணை விளக்கின் சுவிட்சை அணைத்தார்.